சக்கர நாற்காலியின் உயரம்: அளந்து பார்த்தால் தெரியும்

செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டிக்கொள்வார்களா என்று நம் ஊரில் கேட்பார்கள். சக்கர நாற்காலி விஷயத்தில் மட்டும் நம்மில் பெரும்பாலோர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். வீட்டில் ஒருவருக்கு நடக்க முடியாமல் போனால், மருந்துக் கடைக்குப் பக்கத்திலுள்ள கடையில் மடித்து வைத்திருக்கும் வண்டியை வாங்கி வந்துவிடுகிறோம். சட்டை வாங்கும்போது கேட்கும் அளவைக்கூட அப்போது யாரும் கேட்பதில்லை.

நானும் அப்படித்தான் வாங்கினேன். அதனால் நேர்ந்ததையும், பிறகு கற்றுக்கொண்டதையும் நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

என் அம்மா மயிலாடுதுறையிலிருந்து நாக்பூரில் எங்களோடு வந்து தங்கியிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் செயலிழந்தன. இடப்பக்கம் நன்றாகவே இருந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் வழியிலேயே சக்கர நாற்காலி வாங்கினோம். உட்கார மெத்தென்று இருக்கட்டும் என்று என் தம்பி மூன்று அங்குல ஃபோம் மெத்தை ஒன்றும் வாங்கிப் போட்டான்.

பத்து நாளில் ஒரு புதுத் தொல்லை. அம்மா நாற்காலியில் சறுக்கிச் சறுக்கி முன்னால் வந்துவிடுவார். மணிக்கு நாலு தடவை அக்குளில் கை கொடுத்து மேலே தூக்கி உட்கார வைப்போம். "உடம்பில் பலம் இல்லை, அதனால்தான்" என்று எங்களுக்குள் முடிவு கட்டிக்கொண்டோம். விழுந்துவிடுவாரோ என்று பயந்து, ஒரு பழைய துப்பட்டாவால் இடுப்பைச் சேர்த்துக் கட்டியும் வைத்தோம். ஒரு நாள் குளிப்பாட்டும்போது பார்த்தால், முதுகின் அடியில் வால் எலும்பு இருக்கும் இடத்தில் சிவப்பாக ஒரு தடம். விரலால் அழுத்தி எடுத்தும் அது வெளுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபி அம்மையார் மராத்திக்காரர். இந்தியில் "தக்லீஃப் ஹை க்யா?" என்று கேட்பார். அம்மாவுக்குத் தெரிந்த இந்தி "நஹீ" ஒன்றுதான், அதையே சொல்லிவிடுவார். அன்று நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கேட்டேன். "கால் தரையிலே படலியேம்மா. தொட்டில்ல உட்கார வச்ச மாதிரி இருக்கு. இந்தக் காலை ஊனித் தள்ளிக்கலாம்னு பார்க்கிறேன், எட்டலை" என்றார். அதை இந்தியில் சொன்னதும் அந்த அம்மையார் நாடாவைக் கையில் எடுத்தார்.

அம்மாவுக்கு முழங்காலின் பின்மடிப்பிலிருந்து செருப்பின் அடி வரை 17 அங்குலம். வண்டியின் இருக்கை தரையிலிருந்து 19 அங்குலம். அதன் மேல் மெத்தை. அம்மா உட்கார்ந்தால் அது இரண்டு அங்குலமாக அமுங்கும். ஆக 21 அங்குலம். பாதத்துக்கும் தரைக்கும் இடையே நாலு அங்குல இடைவெளி! நல்ல காலைத் தரையில் ஊன்றி நகர வேண்டும் என்ற ஆசையில்தான் அவர் முன்னால் முன்னால் வந்திருக்கிறார். அவருக்குப் பலம் இல்லாமல் போகவில்லை. இருந்த பலத்தை உபயோகிக்க நாற்காலி இடம் கொடுக்கவில்லை.

உயரம் ஏன் முக்கியம்?

இருக்கை தேவைக்கு மேல் உயர்ந்திருந்தால் மூன்று கெடுதல்கள். முதலாவது, கால் பலகையும் சரியாக இல்லையென்றால் பாதம் தொங்கும். தொடையின் அடிப்பாகம் இருக்கையின் முன் விளிம்பில் அழுந்தி மரத்துப்போகும். இரண்டாவது, பாதத்துக்கு ஊன்றுகோல் தேடி உடல் முன்னே சறுக்கும். அப்போது இடுப்பு பின்பக்கம் சாய்ந்து, பாரம் வால் எலும்பின் மேல் இறங்கும். படுக்கைப் புண்ணுக்கு அதுவே வழி. மூன்றாவது, வண்டி எளிதில் கவிழும். சாப்பாட்டுக் கேரியரை நினைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்கு கேரியர் ஸ்கூட்டரில் அசையாமல் நிற்கும். ஐந்து அடுக்கு கேரியர் திருப்பத்தில் சாயும். பாரம் எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவுக்கு நிலை குறையும்.

அதற்காக மிகவும் தாழ்த்திவிட்டாலும் சரியில்லை. முழங்கால் இடுப்பைவிட மேலே எழும்பி, உடலின் பாரமெல்லாம் உட்காரும் எலும்புகள் இரண்டின் மேல் மட்டும் விழும். சக்கரத்தைத் தள்ளும்போது தோள்கள் காதுப் பக்கம் தூக்கிக்கொண்டு வலிக்கும். எழுந்து நிற்பதும் கடினமாகும். முழங்கால் மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது பெரிய கஷ்டம்.

அளவெடுக்கும் முறை

தையல் பெட்டியிலுள்ள நாடா போதும். அன்றாடம் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு, கட்டையான நாற்காலியில் நேராக உட்கார வையுங்கள். முழங்கால் ஒரு மூலைமட்டம்போல் மடங்கியிருக்கட்டும். முழங்காலின் பின்மடிப்பிலிருந்து குதிகாலின் அடி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இதுவே கால் அளவு. இரண்டு காலையும் அளக்க வேண்டும். பழைய எலும்பு முறிவு, போலியோ போன்ற காரணங்களால் இரண்டும் வேறுபடலாம்.

அடுத்து, வண்டி இருக்கையின் முன் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு என்று அளக்க வேண்டும். மெத்தை போட்டு, அதன் மேல் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அளப்பதே சரி. வெறும் மெத்தையின் கனத்தைக் கூட்டினால் கணக்குத் தவறும், ஃபோம் அமுங்கிவிடும்.

இனி கணக்கு. அது வண்டியை எப்படி உபயோகிக்கிறார் என்பதைப் பொறுத்தது.

காலால் உந்தி நகர்பவர்: பக்கவாதம் வந்த பலர் இவ்வகை. ஒரு கையும் ஒரு காலும் கொண்டு வண்டியை ஓட்டுவார்கள். மெத்தையோடு சேர்த்த உயரம் கால் அளவுக்குச் சமமாக, அல்லது அரை அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். குதிகால் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். அந்தப் பக்கத்துக் கால் பலகையைக் கழற்றிவிட வேண்டும்.

கால் பலகையில் பாதம் வைத்து, கையால் சக்கரத்தைத் தள்ளுபவர்: கால் பலகைக்கும் தரைக்கும் குறைந்தது இரண்டு அங்குலம் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் வாசற்படியிலும் மேடு பள்ளத்திலும் இடிக்கும். ஆகவே, கால் அளவோடு இரண்டு அங்குலமாவது கூட்டிக்கொண்டால் அதுவே மெத்தையோடு சேர்ந்த உயரம். 17 அங்குலக் கால் உள்ளவருக்கு 19.

பிறர் தள்ள உட்கார்ந்து போகிறவர், ஆனால் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கக் கூடியவர்: இவருக்குச் சற்று உயரமான இருக்கை நல்லது, எழும்பச் சுலபம். கால் பலகையை மட்டும் பாதத்துக்குச் சரியாக ஏற்றிக் கொடுக்க வேண்டும்.

பார்த்தீர்களா? எங்கள் அம்மாவின் 21 அங்குலம் இன்னொருவருக்குச் சரியாக இருந்திருக்கலாம். அவருக்குத்தான் தவறு.

கைக்கு எட்டுகிறதா?

கையால் தள்ளுகிறவருக்கு இன்னொரு சோதனை உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்து, பெரிய சக்கரத்தின் தள்ளு வளையத்தின் உச்சியில் கையை வைக்கச் சொல்லுங்கள். முழங்கை 100 முதல் 120 டிகிரி வரையிலான கோணத்தில் மடங்கியிருக்க வேண்டும். அதாவது மூலைமட்டத்தைவிடக் கொஞ்சம் விரிந்து. கை ஏறத்தாழ நீட்டியபடி இருந்தால் இருக்கை உயரம். முழங்கை மிகவும் மடங்கித் தோள் தூக்கினால் இருக்கை தாழ்வு. டிகிரி பார்க்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டால் நடுவிரல் நுனி சக்கரத்தின் அச்சு அருகே வந்து நிற்க வேண்டும். இருபது வருடம் வண்டி தள்ளப்போகிற இளைஞருக்கு இந்த அளவு தவறினால், கால் போன பிறகு தோளும் போய்விடும்.

வண்டியில் எதையெல்லாம் மாற்றலாம்?

கால் பலகையின் உயரத்தைப் பெரும்பாலான வண்டிகளில் மாற்றலாம். குழாயின் அடியிலோ பக்கத்திலோ உள்ள போல்ட்டை ஸ்பானரால் தளர்த்தி, பலகையை ஏற்றி இறக்கி மீண்டும் இறுக்க வேண்டியதுதான். தொடை முழுவதும் மெத்தையில் படிய வேண்டும். முழங்காலுக்குச் சற்றுப் பின்னால், தொடைக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். சிரமப்பட்டு நுழைந்தால் பலகை தாழ்வு. கை தாராளமாக உள்ளே போய் வந்தால் பலகை உயரம்.

இருக்கையின் உயரத்தை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. கடையில் மலிவாகக் கிடைக்கும் மடக்கு வண்டிகளில் பின் சக்கர அச்சுக்கு ஒரே ஒரு துளைதான் இருக்கும். அவற்றில் மெத்தையை மாற்றுவது ஒன்றே வழி. விலை கொஞ்சம் கூடிய வண்டிகளில் அச்சுக்குப் பல துளைகளும், முன்பக்கச் சிறு சக்கரத்தின் கவையில் சில துளைகளும் உண்டு. அச்சைச் சட்டத்தில் மேல் துளைக்கு மாற்றினால் இருக்கை தாழும். கீழ்த் துளைக்கு மாற்றினால் உயரும். சக்கரத்தையே மாற்றவும் செய்யலாம். 24 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் 22 அங்குலம் போட்டால் இருக்கை ஓர் அங்குலம் தாழும். விட்டத்தில் பாதிதானே உயரம்.

இங்கே நான்கு எச்சரிக்கைகள்.

முதலாவது, பின்பக்கத்தை எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவு முன்பக்கத்தையும் இறக்க வேண்டும். இல்லையென்றால் சிறு சக்கரத்தின் நிறுத்துத் தண்டு செங்குத்தாக நிற்காமல் சாய்ந்துவிடும். வண்டி திரும்ப மறுக்கும்; சிறு சக்கரம் படபடவென்று ஆடும்.

இரண்டாவது, சக்கரத்தையோ அச்சையோ மாற்றினால் பிரேக் கட்டாயம் மாற்றிப் பூட்டப்பட வேண்டும். பழைய இடத்திலேயே விட்டால் பிரேக் டயரைத் தொடாது. பிடித்திருக்கிறது என்று நம்பி எழும்போது வண்டி பின்னால் ஓடிவிடும். காற்று டயரில் காற்றுக் குறைந்தாலும் இதே ஆபத்துத்தான்.

மூன்றாவது, அச்சை முன்னால் தள்ளினால் வண்டி லேசாக ஓடும். ஆனால் பின்பக்கம் கவிழும். பின்னால் வைத்தால் நிலையாக நிற்கும், தள்ளக் கனக்கும். புதிதாக வண்டியில் உட்காருகிறவருக்கும் முதியோருக்கும் பின்னால் இருப்பதே பாதுகாப்பு. பின்பக்கம் கவிழாமல் தடுக்கும் சிறு உருளைகள் இருந்தால் அவற்றின் உயரத்தையும் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

நான்காவது, முன்பக்கச் சக்கரத்தை மிகவும் சிறிதாக்கினால் லிஃப்ட் வாசலின் இடுக்கிலும் ரோட்டுக் குழியிலும் மாட்டிக்கொள்ளும்.

இருக்கையின் பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட ஓர் அங்குலம் தாழ்த்தி வைப்பதும் உண்டு. முதுகுத் தண்டில் அடிபட்டு, இடுப்புக்கு மேல் நிலைகொள்ள முடியாதவர்களுக்கு இது பிடிப்பைத் தரும். காலால் உந்துபவருக்கு இது ஆகாது. முன்பக்கம் உயர்ந்து பாதம் தரையை விட்டுவிடும். எழுந்து நிற்பவருக்கும் சிரமம்.

மெத்தையும் ஓர் அளவே

மெத்தை மெத்தென்று இருந்தால் போதாது. உட்கார்ந்த பிறகு, உட்காரும் எலும்புக்கு நேர் கீழே மெத்தையின் அடியில் விரல்களை நுழைத்துப் பாருங்கள். விரல் சிறிது மேலும் கீழும் அசைய இடம் இருந்தால் நல்லது. எலும்பு விரலை நசுக்கினால் மெத்தை பயனில்லை, மாற்றுங்கள். ஃபோம் நாளாக ஆகச் செத்துப்போகும். தொங்கு துணி இருக்கை குழிந்துபோனால் தொடைகள் இரண்டும் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அப்போது அடியில் மெல்லிய பிளைவுட் பலகை வைப்பார்கள். அதன் கனத்தையும் உயரக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மெத்தை ஏறினால் கை தாங்கி தாழ்ந்ததாகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. தோள் தளர்ந்து, முழங்கை மூலைமட்டமாக மடங்கிக் கை தாங்கியில் படிய வேண்டும். பக்கவாதம் வந்த கை தாங்கலின்றித் தொங்கினால் தோள் மூட்டு இறங்கி வலிக்கும்.

எவ்வளவு நல்ல மெத்தையானாலும் ஒரே நிலையில் மணிக்கணக்காக உட்காரலாகாது. 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை முன்னால் குனிந்தோ பக்கத்தில் சாய்ந்தோ ஓரிரு நிமிடம் பாரத்தை மாற்ற வேண்டும். தினமும் குளிக்கும்போது இடுப்பையும் வால் எலும்பையும் குதிகாலையும் பாருங்கள். அழுத்தினால் வெளுக்காத சிவப்பைக் கண்டால், அந்த இடத்தில் பாரமே படாமல் வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். தேய்க்கக் கூடாது.

வீட்டோடு பொருந்துகிறதா?

கட்டிலின் உயரமும் வண்டியின் உயரமும் ஒன்றாக இருந்தால் இடம் மாறுவது சுலபம். உயரத்திலிருந்து தாழ்வுக்கு மாறுவது எளிது. தாழ்விலிருந்து ஏறுவது கடினம். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை கொடுத்து உயர்த்தலாம். சாப்பாட்டு மேசையின் அடியில் முழங்காலும் கை தாங்கியும் நுழைகின்றனவா என்றும் பாருங்கள். நுழையாவிட்டால் தட்டு தூரத்தில் நிற்கும். அவரும் முன்னால் சறுக்கத் தொடங்குவார்.

வாசலில் ஆறு அங்குலப் படி இருந்தால் சரிவுப் பலகை ஆறு அடி நீளமாவது இருக்க வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதே கணக்கு. செங்குத்தான சரிவில் உயர்ந்த இருக்கையோடு ஏறினால் வண்டி பின்னால் மல்லாந்துவிடும். இறங்கும்போது தள்ளுபவர் கீழ்ப்பக்கம் நின்று, வண்டியைப் பின்னோக்கி மெதுவாக இறக்க வேண்டும்.

எங்கே உதவி கிடைக்கும்?

நாம் இன்று காணும் மடக்கு வண்டி 1933ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவானது. சுரங்க விபத்தில் கால்கள் செயலிழந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்பவரும், அவருடைய நண்பரான பொறியாளர் ஹாரி ஜென்னிங்ஸும் அதைச் செய்தார்கள். அந்த வண்டி பிறந்ததே ஒருவரின் சொந்தத் தேவைக்காகத்தான். நம் வேலூரில், 1954ஆம் ஆண்டு விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவம் வேரூன்ற அவரே காரணம். உட்கார்ந்திருப்பவர் ஒன்றும் செய்ய முடியாதவர் என்று நினைப்பவர்கள் அவரை நினைத்துக்கொள்ளட்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், அளவெடுத்து, பொருத்திப் பார்த்து, பயிற்சி கொடுத்தே சக்கர நாற்காலியைத் தர வேண்டும் என்கின்றன. பெரிய ஊர்களில் உள்ள அரசு மருத்துவமனைகளின் மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். கான்பூரில் 1972ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அலிம்கோ நிறுவனம் மத்திய அரசுக்குச் சொந்தமானது. ஊனச் சான்றிதழில் 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் உதவிக் கருவிகள் கிடைக்கும். 60 வயது கடந்த, வருமானம் குறைந்த முதியோருக்கென 2017இல் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் வந்தது. முகாமில் வண்டி கொடுக்கும்போது, வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிடாமல், உட்கார வைத்துப் பாதம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

மொழியும் ஓர் அளவுகோல்

வெளி மாநிலத்தில் இருக்கும் நமக்கு மட்டும் உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். நம்மை நம்பி ஊரை விட்டு வந்த பெரியவர்களுக்கு இங்குள்ள மொழி வராது. "வலிக்கிறதா" என்று வேற்று மொழியில் கேட்டால் தலையை ஆட்டிவிடுவார்கள். மரத்துப்போகிறது, குத்துகிறது, எரிகிறது, இழுக்கிறது என்று அவர்கள் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் வண்டியின் ஒவ்வொரு குறையைக் காட்டும். ஆகவே பொருத்திப் பார்க்கும் நாளன்று தமிழ் தெரிந்த ஒருவர் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்களானால், நம் சங்கத்து அன்பர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர வேலைதான்.

அம்மாவின் வண்டி

எங்கள் பழைய வண்டியில் அச்சுக்கு ஒரே துளை. அதைத் தெரிந்தவர் ஒருவர் வீட்டில், பிறர் தள்ள உட்கார்ந்து போகும் உயரமான பெரியவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். அவருக்கு அது பொருந்தியது. அம்மாவுக்குத் துளைகள் உள்ள வண்டி வாங்கினோம். அதுவும் 19 அங்குலம்தான். பின்னால் 22 அங்குலச் சக்கரம், முன்னால் எட்டு அங்குலத்துக்குப் பதில் ஆறு அங்குலச் சக்கரம் போட்டதில் ஓர் அங்குலம் குறைந்தது. முன்னும் பின்னும் துளை மாற்றியதில் இன்னும் இரண்டு. ஆக 16. அதன் மேல், உட்கார்ந்தால் ஓர் அங்குலமாக அமுங்கும் கெட்டி மெத்தை. மொத்தம் 17, அம்மாவின் கால் அளவு.

பிரேக்கை மாற்றிப் பூட்டினோம். இடப்பக்கக் கால் பலகையைக் கழற்றினோம். வலது காலுக்கு மட்டும் பலகை இருந்தது. துப்பட்டாவை அவிழ்த்து அலமாரியில் வைத்தேன்.

அவர் உடனே ஓட்டிவிடவில்லை. ஒரு கையும் ஒரு காலும் சேர்ந்து ஒரே பக்கம் இழுத்ததால் வண்டி முதலில் வட்டமடித்தது. சுவரில் இரண்டு இடத்தில் பெயின்ட் போயிற்று. காலால் திசை திருப்பப் பழக மூன்று வாரம் ஆனது. வால் எலும்பின் சிவப்பு அதற்கு முன்பே மறைந்துவிட்டது. பிறகு ஒரு நாள் காலை, நான் சமையலறையில் இருந்தபோது வண்டிச் சத்தம் கேட்டது. அம்மா யாரையும் கூப்பிடாமல் பால்கனிக்குப் போய், துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் பிரேக்கைப் போட்டு நிறுத்திக்கொண்டிருந்தார். "செடி வாடிக் கிடக்கு, யாரும் பார்க்கலையா? ஒரு சொம்பு தண்ணி கொண்டா" என்றார்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சக்கர நாற்காலி இருந்தால், இன்றே நாடாவை எடுத்து மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: கால் அளவு, ஆள் உட்கார்ந்தபின் இருக்கையின் உயரம், கால் பலகைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. பொருந்தாவிட்டால் அந்தக் காகிதத்தோடு பிசியோதெரபி நிபுணரிடம் போங்கள். அதற்கு முன்னால், உட்கார்ந்திருப்பவரை அவருடைய மொழியில் ஒரு வார்த்தை கேளுங்கள்.